ஐந்து என்று எழுதியவர்கள்

சரியான விடை என்று தெரிந்தே நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன். ஒருவருக்கோ இருவருக்கோ அல்ல. மூன்று நாட்கள், காலை முதல் மாலை வரை, சென்னையில் ஒரு பெரிய கூடத்தில் மரப்பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் போட்டேன். யார் யாருக்குப் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. முகப்புத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு எண் போட்டுத்தான் விடைத்தாளை எங்களிடம் தருவார்கள். இத்தனை காலம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி. அப்பா தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. ஊரில் ரயில் கிடையாது; என் படிப்பில் பாதி பஸ்ஸில் நின்றுகொண்டே நடந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, எழுபதுகளில் சென்னையில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு மாடி முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த எந்திரத்தைவிட அதற்கு நாம் எழுதும் மொழிகளின் மேல்தான் ஆசை. புரோகிராம் எழுதுகிற மொழியில் ஒரு வரிக்கு என்ன பொருள், அந்தப் பொருளைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எப்படி வரையறுப்பது, எழுதியவர் ஒன்று நினைக்க எந்திரம் வேறொன்று செய்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. இதுதான் என் துறை. வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. சித்தப்பா ஒருவர், மெஷின் ரிப்பேர் வேலையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எதற்கு ஐந்து வருஷம் என்றார்.

என் ஆய்வுக்கு வழிகாட்டியவர் அந்தக் காலத்தில் இந்தத் துறையில் பெரிய பெயர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தை ஒன்பது முறை திருப்பி எழுத வைத்தார். ஒரே ஒரு சொல்லை நான் வரையறுக்காமல் பயன்படுத்திவிட்டேன் என்பதுதான் காரணம். "இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம்னு இருந்தா அது மொழியே இல்லம்மா" என்பார். நான் அழுதிருக்கிறேன். ஆனால் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை வேறு யார் மேலும் வந்ததில்லை.

ஆய்வு முடிந்த வருடம் அங்கேயே ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது. நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் துறையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. கல்யாணம் எப்போது என்று ஒருவர் கேட்டார். ஆன பிறகு கணவருக்கு வேறு ஊரில் வேலை என்றால் என்ன செய்வீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். வழிகாட்டியும் அந்தக் குழுவில் இருந்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் ஆய்வை முடித்த ஒருவருக்கு அந்த வேலை கிடைத்தது. அடுத்த முறை பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போதே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கையில் என்ன இருக்கிறது பாவம் என்று நினைத்தேன்.

சில வருடங்கள் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்தினேன். எண்பதுகளில் தனியார் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. தண்டலம் பக்கம் பெங்களூர் சாலையில் ஒன்று திறந்தார்கள். கம்ப்யூட்டர் படிப்பு உண்டு என்றார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். போய்ச் சேர்ந்தேன். சுவர்களுக்குப் பூச்சு முடியாத கட்டடம். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, தரையில் விரிப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே இருந்தவை இரண்டே எந்திரங்கள். விருந்தினர் வந்தால் முதல்வர் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். மாணவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதுவும் மின்சாரம் இருந்தால்.

அதனால் நான் எந்திரம் இல்லாமலே சொல்லிக்கொடுத்தேன். மாணவர்களையே எந்திரமாக நிற்க வைத்தேன். ஒருவர் கையில் ஒரு சீட்டு, அதில் ஒரு எண். புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் நான் படிக்க, சீட்டுகள் கை மாறும். மற்ற ஆசிரியர்கள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மேடம் நர்சரி ஸ்கூல் நடத்துறாங்க என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த வகுப்பில் ஒரு பெண். ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அந்த ஊரிலிருந்து பொறியியல் படிக்க வந்த முதல் ஆள் அவள்தான். இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் பஸ் தவறினால் முதல் வகுப்பு போய்விடும். ஆங்கிலம் தடுமாறும். ஆனால் கேள்வி கேட்பதில் பயமே கிடையாது.

ஒரு நாள், பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்ற பாடம். ஒரு புரோகிராமில் இரண்டு இடங்களில் ஒரே பெயர் இருக்கிறது. வெளியே உள்ள எக்ஸுக்கு மதிப்பு ஐந்து. உள்ளே ஒரு பகுதி தனக்கென்று ஒரு எக்ஸ் வைத்திருக்கிறது. அதன் மதிப்பு ஒன்பது. அந்தப் பகுதி இன்னொரு பகுதியைக் கூப்பிட்டு, எக்ஸைச் சொல் என்கிறது. கூப்பிடப்பட்ட பகுதிக்குச் சொந்தமாக எக்ஸ் இல்லை. ஆனால் அது எழுதப்பட்டிருப்பது ஐந்து இருக்கிற இடத்தில். அது எந்த எண்ணைச் சொல்லும்? பாஸ்கல் மொழியில் ஐந்தைத்தான் சொல்லும். யார் கூப்பிட்டார்கள் என்பது கணக்கில்லை. எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு.

வகுப்பு முழித்தது. நான் இப்படிச் சொன்னேன்: பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத் தம் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். அங்கே உட்கார்ந்து பேசும்போது 'அண்ணன் சொன்னார்' என்கிறீர்கள். யாருடைய அண்ணன்? உங்கள் வீட்டு அண்ணன். அடுத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதால் உங்கள் அண்ணன் மாறிவிடமாட்டார்.

அவள் எழுந்தாள். "ஆனா மேடம், அந்த வூட்டு அண்ணனையும் நாம மரியாதைக்கு அண்ணன்னுதானே கூப்புடுவோம்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆமாம், அப்படிப் பொருள் கொள்கிற மொழிகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்பது வரும். எந்த மொழி என்று சொல்லாமல் விடை சொல்லக் கூடாது என்றேன். என் ஆய்வேட்டில் அறுபது பக்கம் எழுதிய விஷயத்தை அவள் ஒரே கேள்வியில் தொட்டிருந்தாள்.

அந்த வருடப் பல்கலைக்கழகத் தேர்வில் இதே கேள்வி வந்தது. பாஸ்கல் என்று மொழியின் பெயரையும் போட்டுப் புரோகிராமையும் அச்சடித்து, என்ன அச்சாகும், காரணம் கூறு என்று கேட்டிருந்தார்கள். பெரிய கேள்வி, இதில் போனால் பலருக்குத் தேர்ச்சியே போய்விடும். தேர்வு முடிந்து வெளியே வந்த என் மாணவர்கள் சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்கள்.

திருத்தும் பணிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முதல் நாள் காலை விடைக்குறிப்பைக் கொடுத்தார்கள். எல்லோரும் அதைக் 'கீ' என்பார்கள். அந்தக் கேள்விக்குக் கீயில் ஒன்பது என்று இருந்தது. எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். தலைமைத் தேர்வாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன். தலைமைத் தேர்வாளர் வேறு யாருமில்லை, என் வழிகாட்டிதான். கேள்வித்தாள் தயாரித்தவரும் அவர்தான்.

"சார், இது அஞ்சு இல்லையா?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அசிஸ்டென்ட் போட்ட கீ, சாயந்தரம் சரிபார்த்துச் சொல்கிறேன், இப்போதைக்குக் கீயின்படியே திருத்து என்றார். ஒன்பது என்று எழுதினால் முழு மதிப்பெண். ஐந்து என்றால் பூஜ்யம். சாயந்தரம் மாற்றிவிடுவார்கள் என்று நம்பி நான் போட ஆரம்பித்தேன்.

சாயந்தரம் அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்த இடத்தில்தான் என் மேலேயே எனக்குக் கோபம். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஒன்பது முறை அத்தியாயத்தைத் திருப்பி எழுதச் சொன்ன மனிதர் இதைச் சும்மா விடமாட்டார் என்று நினைத்தேன். ஒழுங்காகக் காரணம் எழுதி ஐந்து என்று முடித்திருந்த தாள்களுக்குப் பூஜ்யம். காரணமே இல்லாமல் ஒன்பது என்று கிறுக்கியிருந்தவர்களுக்கு முழுசு.

இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேசையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. வேறொரு கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் ஒரு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். உடைந்த ஆங்கிலம். ஒருவன் அடுத்த வீட்டுக்குப் போனால் அவனுடைய அண்ணன் மாறமாட்டான், சில மொழிகளில் மாறுவான், ஆனால் பாஸ்கலில் மாறமாட்டான், ஆகவே ஐந்து. இதுதான் அதில் இருந்தது. "கம்ப்யூட்டர் பேப்பர்ல குடும்பக் கதை எழுதி வச்சிருக்கு பாருங்க" என்றார் அவர். மேசை முழுவதும் சிரித்தது. ஒருவர் தண்ணீர் புரையேறி இருமினார்.

என் கையில் சாப்பாட்டு டப்பா. அது என் வகுப்புத் தாள் என்று எனக்குத் தெரியும். யாருடையது என்றும் தெரியும். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்றும் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து, அந்தத் தாளைக் கொடுங்கள், அதில் இருப்பதுதான் சரி என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? என் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கினேன்.

மூன்றாம் நாளும் கீ மாறவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முடிவுகள் வந்தபோது எங்கள் கல்லூரியில் அந்தப் பேப்பரில் பாதி வகுப்பு தோற்றிருந்தது. அந்தப் பெண்ணும் தோற்றிருந்தாள். மற்ற எல்லாப் பேப்பரிலும் தேர்ச்சி. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, மேடம் ஒழுங்காகப் பாடம் நடத்தாமல் சீட்டு விளையாட்டு நடத்தியதால் வந்த வினை என்று சொன்னார். கீ தப்பு என்றேன். அவர் கதவைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நம் கல்லூரியின் அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டிய வருடம் இது, பல்கலைக்கழகத்தோடு வம்பு வேண்டாம் என்றார்.

அந்த வாரமே அந்தப் பெண்ணின் அப்பா கல்லூரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மதிப்பெண் பட்டியல். மகள் பின்னால் தலையைக் குனிந்து நின்றாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"பொண்ணு தப்பா எழுதிட்சாம்மா?"

"இல்லீங்க. சரியாத்தான் எழுதியிருக்கா."

"அப்ப ஏன் பெயிலு?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்பதைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவள் நான். கேள்வி போட்டவரே விடையைத் தப்பாகக் குறித்துவிட்டார் என்று சொன்னேன். 

"எங்க நெலத்த மறைமலை நகர் நியூ டவுனுக்கு எடுத்துக்கினப்போ சர்வேயர் இப்டித்தான்மா அளந்தாரு. கெணத்த அடுத்தவன் நெலத்துல காட்டிட்டாரு. கெணறு எங்க கீதுன்னு ஊருக்கே தெரியும். வந்து பாருங்கன்னு சொன்னேன். பைல்ல இப்டித்தான் கீதுன்னுட்டாங்க." பட்டியலை மடித்தார். "படிச்சவங்க எடத்துலயும் இப்டித்தானா?"

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.  நான் பார்க்கிறேன் என்றேன். அவர் சரிம்மா என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் ஆராய்ச்சி செய்த நிறுவனத்துக்குப் போனேன். தாளில் எத்தனை வாதம் செய்தாலும் ஒருவர் மறுப்பார்; எந்திரமே அச்சடித்துக் கொடுத்தால் மறுக்க முடியாது என்று நினைத்தேன். அங்கே இன்னும் பஞ்ச் கார்டு முறைதான். புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு அட்டையில் ஓட்டை போட்டு, அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய ஊழியர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு வரிசையில் முன்னால் விட்டார். பிற்பகலில் தாள் வந்தது: பதினோராவது வரியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. அட்டையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து ஊருக்கு வந்து, மறுநாள் திரும்பப் போனேன். மடிப்புக் காகிதத்தில், என் புரோகிராமுக்குக் கீழே, ஒரே ஒரு எண் அச்சாகியிருந்தது. ஐந்து.

அதை எடுத்துக்கொண்டு நேராக வழிகாட்டியின் அறைக்குப் போனேன். அவர் அந்தக் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதாம்மா? நீ கேட்ட அன்னிக்கே வீட்டுக்குப் போய் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். அஞ்சுதான்."

காகிதத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் சார் மாத்தல?"

முதல் நாளே எத்தனையோ கட்டு திருத்தி முடிந்துவிட்டது என்றார். எல்லாவற்றையும் திருப்பி எடு என்றால் பல்கலைக்கழகம் தன்னைத்தான் கேட்கும், கேள்வியும் தன்னுடையது, கீயில் கையெழுத்தும் தன்னுடையது என்றார். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றார். மாணவர்கள் அடுத்த முறை எழுதித் தேறிக்கொள்வார்கள், ஆறு மாதத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டார். தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாக, வகுப்பில் சொல்வதுபோலவே வரிசையாகச் சொன்னார்.

தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். தெரியாமைக்கு மருந்து உண்டு. எங்கள் தொழிலே அதுதான். இவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும், நான் கண் முன்னால் உட்கார்ந்து பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தெரிந்துகொண்டே கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முறை நின்று, கையெழுத்து நல்லா இருக்கே என்று ஒரு தாளைப் பார்த்துச் சொன்னதும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதிப் போடுகிறேன் என்றேன். உன் இஷ்டம் என்றார்.

எழுதினேன். முதல்வருக்குத் தெரியாமல்தான் எழுதினேன். இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசையில் ஆறு பேர். நடுவில், குழுவின் தலைவராக, என் வழிகாட்டி. அச்சான காகிதத்தை விரித்து வைத்தேன். பாஸ்கல் மொழியின் வரையறையிலிருந்து அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். ஒருவர், இது ஒரு கம்ப்யூட்டரின் அபிப்பிராயம்தானே என்றார். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்தார். இன்னொருவர், எங்கள் கல்லூரி எந்திரத்தில் ஒன்பது வருகிறது என்றார். எந்த மொழியில் போட்டீர்கள் என்று கேட்டேன். வேறு ஒரு மொழியின் பெயரைச் சொன்னார். சார், கேள்வியில் பாஸ்கல் என்று அச்சாகியிருக்கிறது என்றேன். அதெல்லாம் சின்ன வித்தியாசம்தானே என்றார்.

நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அந்த அறையில் அவருக்கு மேல் இதைத் தெரிந்தவர் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"இரண்டு விதமாவும் சொல்லலாம்" என்றார் அவர்.

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கேள்வி இரண்டு பொருளுக்கு இடம் தருகிறது. கீ அப்படியே நிற்கும். இனிமேல் கவனமாக இருக்கும்படி தேர்வாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் தீர்மானம். பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டேன். ஒருவர் எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். அடுத்த தேர்வுக்குத் திருத்துபவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. முதல்வருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு பருவம் முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்.

மறுதேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். மற்றவர்களும் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

"மேடம், இதே கேள்வி மறுபடி வந்தா எத எழுதறது? சரியானத எழுதட்டுமா, கீயில இருக்கறத எழுதட்டுமா?"

யோசித்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். சரியானதை எழுது என்பது எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள் எழுதுவாள், திரும்பவும் தோற்பாள், அவளுடைய அப்பா திரும்பவும் இரண்டு பஸ் மாறி வந்து அதே கேள்வியைக் கேட்பார். என் நேர்மைக்கு அவள் ஏன் இன்னொரு ஆறு மாதம் கொடுக்க வேண்டும்?

"ஒம்பதுன்னு எழுது" என்றேன்.

"சரிங்க மேடம்."

ஏன் என்று கேட்கவில்லை. வகுப்பில் எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டவள் இல்லை அவள். அன்றைக்குக் கேட்கவில்லை. அவள் போன பிறகு கதவைச் சாத்தி, மேசை மேல் இருந்த மடிப்புக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். என் ஆசிரிய வாழ்க்கையில் தெரிந்தே நான் சொல்லிக்கொடுத்த பொய் அது ஒன்றுதான். அதைச் சொல்ல வைத்தவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

கேள்வி வந்தது. எண்களை மட்டும் மாற்றி அதே கேள்வியைப் போட்டிருந்தார்கள். அவள் தேர்வு முடிந்து வந்து, கீயில் வருகிற மாதிரியே எழுதிவிட்டேன் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "கீழ சின்னதா சரியான விடையும் எழுதினேன் மேடம். எழுதி அடிச்சிட்டேன். படிக்கிற மாதிரிதான் அடிச்சேன்" என்றாள்.

அவள் தேறினாள். படிப்பு முடிந்து மறைமலை நகரில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாள். எந்த உதிரிபாகம் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று காட்டும் புரோகிராம் எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு முறை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் தொழிற்சாலைப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்தேன். தன் பிரிவில் இருப்பவர்கள் பெயர்களைக் கண்டபடி வைக்கிறார்கள், ஒரே பெயரை நாலு இடத்தில் வைக்கிறார்கள், அதைச் சொல்லி தினமும் சண்டை என்றாள். நன்றாகச் சண்டை போடு என்றேன்.

அவளோடு தோற்றவர்கள் எல்லோரும் தேறவில்லை. ஒருவன் இரண்டு முறை எழுதிவிட்டுப் படிப்பை விட்டான். வேறு கல்லூரிகளில் ஐந்து என்று எழுதியவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் சிலருக்குப் பூஜ்யம் போட்ட கை இது.

அடுத்த பாடத்திட்டத்தில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். குழப்பம் தரும் பகுதி என்று காரணம் எழுதியிருந்தார்கள். நான் விடவில்லை. சனிக்கிழமை மதியம், பஸ் வருவதற்கு முன்னால் இருக்கும் இடைவெளியில், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வகுப்பை நடத்தினேன். வருகைப் பதிவு கிடையாது, மதிப்பெண் கிடையாது. முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். முதல்வர் ஆட்சேபித்தார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

வழிகாட்டி ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், மனைவியோடு எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்தவர் வழி விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தார். என் ஆய்வேட்டைப் பற்றி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அப்படி ஒரு மாணவி தனக்குப் பிறகு கிடைக்கவில்லை என்றார். அம்மாவும் அவருடைய மனைவியும் கொல்லைப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த விஷயத்துல நீ சொன்னதுதான்மா சரி."

"எனக்குத் தெரியும் சார். அத எழுதிக் குடுங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். இனிமேல் எழுதி யாருக்கு என்ன பயன், தான் குழுவிலேயே இல்லையே என்றார். பயன் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த மாணவர்கள் முடிவு செய்யட்டும், நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். என் பேனாவையும் ஒரு தாளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.  அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே நீ செய்கிறாய் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதையும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மனைவி வரும் சத்தம் கேட்டதும் எழுந்து, வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்றார்.

வாசல் வரை போய் வழியனுப்பினேன். அம்மா சொல்லியிருந்ததால் போனேன். கார் திரும்பி நெடுஞ்சாலைப் பக்கம் போனது. உள்ளே வந்தபோது தாள் மேசை மேல் வெள்ளையாகவே இருந்தது. பெரிய மனிதர், இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறார், நீ ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டாய் என்று அம்மா கேட்டார். அன்றைக்குத்தான் முதல் முறையாக நடந்தது முழுவதையும் அம்மாவிடம் சொன்னேன். பூஜ்யம் போட்டதையும், சாப்பாட்டு வேளையில் பேசாமல் இருந்ததையும் சேர்த்து. அம்மாவுக்குப் புரோகிராமும் தெரியாது, பாஸ்கலும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பெரிய மனிதர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், இரண்டு முறை தேய்த்துக் கழுவினார்.